ஒரே சிறை, இரண்டு அரசுகள்: மிலோவான் ஜிலாஸின் கதை



ஸ்கூல் சோஷியல் சயின்ஸ் புக்ல அணிசேரா இயக்கம்னு ஒரு பாடம் இருந்தது ஞாபகம் இருக்கா? நேரு, நாசர், டிட்டோ. பரீட்சைக்காக இந்தப் பெயர்களை மனப்பாடம் பண்ணியிருப்போம். நேரு நம்ம ஆளு, நாசர் எகிப்து, டிட்டோ யூகோஸ்லாவியா. அதுக்கு மேல டிட்டோவைப் பத்தி யாரும் சொல்லிக் கொடுக்கல, நாமளும் கேக்கல.

அந்த இயக்கத்தின் முதல் மாநாடு 1961 செப்டம்பரில் யூகோஸ்லாவியாவின் தலைநகரமான பெல்கிரேடில் நடந்தது. உலகத் தலைவர்கள் வந்து இறங்கினார்கள். அதே நேரம், அதே ஊரில், ஐம்பது வயது மனிதர் ஒருவர் நிபந்தனை விடுதலையில் இருந்தார். நாலு வருஷத்துக்கு மேல் சிறையில் இருந்துவிட்டு அந்த ஜனவரியில்தான் வெளியே வந்திருந்தார். அடுத்த வருஷம் திரும்பவும் உள்ளே போகப் போகிறார்.

இவர் யாரு? எட்டு வருஷத்துக்கு முன்னாடி அந்த நாட்டின் துணை ஜனாதிபதிகளில் ஒருவர். 1953 டிசம்பரில் நாடாளுமன்றத்தின் தலைவர். டிட்டோவுக்கு அடுத்த வரிசையில் இருந்த மூன்று பேரில் ஒருவர். பெயர் மிலோவான் ஜிலாஸ்.

இவரைத் தேர்தலில் யாரும் தோற்கடிக்கவில்லை. ஊழல் வழக்கும் இல்லை. கட்டுரை எழுதினார். அவ்வளவுதான். இன்னைக்கு எபிசோட் அதைப் பத்தித்தான்.

ராஜா காலத்துச் சிறை

ஜிலாஸ் 1911இல் மான்டினீக்ரோவில் பிறந்தவர். மோய்கோவாட்ஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் போட்பிஷ்சே என்ற மலைக்கிராமம். பழிக்குப் பழி தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்த நிலம் அது. பிற்காலத்தில் தன் இளமைக் காலத்தைப் பற்றி எழுதிய புத்தகத்துக்கு ‘நீதியில்லாத நிலம்’ என்று பெயர் வைத்தார்.

படிக்க பெல்கிரேட் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். எழுத்தாளர் ஆக வேண்டும் என்பதுதான் ஆசை. ஆனால் 1929இல் அரசர் அலெக்சாண்டர் அரசியல் சாசனத்தைத் தூக்கி எறிந்துவிட்டு நேரடி சர்வாதிகாரத்தை அறிவித்திருந்தார். கம்யூனிஸ்ட் கட்சி ஏற்கெனவே தடை செய்யப்பட்ட கட்சி. 1932இல் ஜிலாஸ் அதில் சேர்ந்தார். 1933இல் கைது, சித்திரவதை, மூன்று ஆண்டு சிறை. அதில் பெரும்பகுதி ஸ்ரெம்ஸ்கா மித்ரோவிட்சா சிறையில். இந்தப் பேரைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க, கதை திரும்ப அங்கதான் போகும்.

அந்தச் சிறையை கம்யூனிஸ்டுகள் தங்கள் பல்கலைக்கழகம் என்றே சொல்வார்கள். கைதிகள் உண்ணாவிரதம் இருந்து, சண்டை போட்டு, படிக்கவும் எழுதவும் உரிமை வாங்கியிருந்தார்கள். மோஷா பியாதே என்ற மூத்த தோழர் கார்ல் மார்க்ஸின் ‘மூலதனம்’ நூலைச் சிறைக்குள் இருந்துகொண்டே மொழிபெயர்த்தார். அலெக்சாண்டர் ரான்கோவிச் என்ற தையல் தொழிலாளி அங்கேதான் ஜிலாஸுக்கு நெருக்கமானார். வெளியே வந்த பிறகு ஜிலாஸ் வேகமாக மேலே போனார். 1938இல் மத்தியக் குழு. 1940இல் பொலிட்பீரோ. வயது 29.

மான்டினீக்ரோ, 1941

1941 ஏப்ரல் 6ஆம் தேதி ஜெர்மனி யூகோஸ்லாவியாவைத் தாக்கியது. பெல்கிரேட் மேல் குண்டுமழை. இரண்டே வாரத்தில் நாடு சரணடைந்தது. மான்டினீக்ரோ இத்தாலியின் கைக்குப் போனது. அங்கே கிளர்ச்சியைத் தொடங்க டிட்டோ அனுப்பிய ஆள் ஜிலாஸ். ஜூலை 13ஆம் தேதி வெடித்த அந்தக் கிளர்ச்சி சில நாட்களிலேயே பெரும்பாலான கிராமப்புறங்களை இத்தாலியர்களிடம் இருந்து பிடுங்கிவிட்டது.

இதுவரைக்கும் ஹீரோ கதை மாதிரிதான் போகுது, இல்லையா? இங்கேதான் கொஞ்சம் நிதானிக்கணும்.

கிளர்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே கம்யூனிஸ்டுகள் ‘வர்க்க எதிரிகளை’ வேட்டையாட ஆரம்பித்தார்கள். ஒத்துழைக்காத விவசாயி, சந்தேகத்துக்கு உரிய ஊர்ப் பெரியவர் எனப் பலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். வீடுகள் எரிக்கப்பட்டன. பிறகு கட்சியே இதற்கு ‘இடதுசாரித் தவறுகள்’ என்று ஒரு நாசூக்கான பெயர் வைத்தது. நவம்பரில் டிட்டோ ஜிலாஸை அங்கிருந்து திருப்பி அழைத்துக்கொண்டார். மிக மோசமான கொலைகள் அதற்கு அடுத்த குளிர்காலத்தில், இவர் பொறுப்பில் இல்லாதபோது நடந்தன. ஆனாலும் அந்த மனநிலையை ஊட்டியவர்களில் இவரும் ஒருவர் என்ற குற்றச்சாட்டு கடைசி வரைக்கும் இவரைத் துரத்தியது. சாதாரணக் குடும்பங்கள் பயந்துபோய் எதிரிப் பக்கம் சாய இது ஒரு முக்கியமான காரணம்.

போர்க்கால நினைவுகளை எழுதும்போது, கையில் சிக்கிய ஒரு ஜெர்மன் வீரனைத் தன் கத்தியாலேயே கொன்றதையும் ஜிலாஸ் எழுதியிருக்கிறார். யாரும் கண்டுபிடித்து வெளியிட்ட ரகசியம் இல்லை, அவரே சொன்னது. தன் சகோதரர்கள் இரண்டு பேரை இந்தப் போரில் இழந்தார். அதையும் சேர்த்துத்தான் பார்க்கணும்.

ஸ்டாலினோடு சாப்பாடு

1944 வசந்தத்தில் டிட்டோவின் ராணுவத் தூதுக்குழுவோடு ஜிலாஸ் மாஸ்கோ போனார். அவரைப் பொறுத்தவரை அது கோயிலுக்குப் போகிற மாதிரி. ஸ்டாலினை நேரில் பார்த்தார், இரவு விருந்தில் உட்கார்ந்தார். குள்ளமான, நகைச்சுவை தெரிந்த, எல்லாவற்றையும் கவனிக்கிற ஒரு கிழவர் என்பது அவருடைய முதல் சித்திரம். நம்பிக்கை இன்னும் அசையவில்லை.

கொஞ்ச நாளில் அசைந்தது. 1944 இலையுதிர் காலத்தில் செஞ்சேனை யூகோஸ்லாவியாவுக்குள் வந்தபோது, அதன் வீரர்கள் உள்ளூர்ப் பெண்களைப் பலாத்காரம் செய்தார்கள், கொள்ளையடித்தார்கள். சோவியத் தளபதியோடு நடந்த பேச்சில் ஜிலாஸ் இதைப் போட்டு உடைத்தார். எதிர்ப்பிரச்சாரக்காரர்கள் இதை பிரிட்டிஷ் அதிகாரிகளின் நடத்தையோடு ஒப்பிட்டுப் பேசுகிறார்கள் என்றும் சொன்னார். விஷயம் ஸ்டாலின் காதுக்குப் போனது. 1945இல் மாஸ்கோவில் ஸ்டாலின் அவரிடம் நேராகவே மனத்தாங்கலைக் காட்டினார். எவ்வளவோ தூரம் ரத்தத்தில் நடந்து வந்த படைவீரன் கொஞ்சம் அப்படி இப்படி நடந்துகொண்டால் அதைப் போய் பெரிதுபடுத்துவதா என்கிற தொனி.

1948 ஜனவரியில் மூன்றாவது சந்திப்பு. அல்பேனியாவை யூகோஸ்லாவியா விழுங்கிக்கொள்ளட்டும், தனக்கு ஆட்சேபனை இல்லை என்று சொல்லி, ஸ்டாலின் விரல்களைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டினாராம். சின்ன சைகைதான். ஒரு நாட்டையே சாப்பாட்டுக் கவளம் மாதிரி காட்டிய அந்தக் கையை ஜிலாஸ் மறக்கவில்லை.

அதே ஆண்டு ஜூன் 28ஆம் தேதி, சோவியத் தலைமையிலான காமின்ஃபார்ம் அமைப்பு யூகோஸ்லாவியக் கட்சியை வெளியேற்றியது. தீர்மானத்தில் பேர் சொல்லியே தாக்கப்பட்டவர்கள் நாலு பேர்: டிட்டோ, கார்டெல், ஜிலாஸ், ரான்கோவிச்.

ஸ்டாலினை எதிர்க்க ஸ்டாலின் வழி

அடுத்து நடந்ததில் ஒரு பெரிய முரண்பாடு இருக்கு. வெளியே யூகோஸ்லாவியா ஸ்டாலினை எதிர்த்து நின்ற தைரியமான குட்டி நாடு. உள்ளே, ஸ்டாலின் பக்கம் சாய்ந்தவர் என்று சந்தேகப்பட்ட ஆயிரக்கணக்கானவர்களை அது விசாரணையே இல்லாமல் முகாம்களுக்கு அனுப்பியது. அட்ரியாட்டிக் கடலில் கோலி ஓடோக், அதாவது ‘மொட்டைத் தீவு’, 1949இல் திறக்கப்பட்டது. கைதிகளை வைத்தே கைதிகளை அடிக்க வைத்தார்கள். ரகசியப் போலீஸ் ரான்கோவிச் கையில். பிரச்சாரம் ஜிலாஸ் கையில்.

ஆனால் ஸ்டாலினைத் திட்டி எழுத வேண்டிய வேலைதான் ஜிலாஸை மார்க்ஸிடம் மறுபடி கூட்டிப்போனது. சோவியத் யூனியன் எங்கே தடம் மாறியது? இந்தக் கேள்விக்கு பதில் தேடும்போது, தொழிற்சாலைகளைத் தொழிலாளர்களே நடத்தட்டும் என்ற யோசனை வந்தது. 1950 வசந்தத்தில் தன் வில்லாவுக்கு முன் நின்ற காருக்குள் உட்கார்ந்து கார்டெல், கிட்ரிச் இருவரிடமும் இதை விளக்கியதாக எழுதியிருக்கிறார். அந்த ஜூனிலேயே அது சட்டமானது. ‘தொழிலாளர் சுயநிர்வாகம்’ என்று பின்னாளில் உலகம் முழுக்கப் பேசப்பட்ட யூகோஸ்லாவிய மாடல் அதுதான்.

இப்ப ஒரு விஷயம் கவனிங்க. சோவியத் அதிகார வர்க்கத்தை அளக்க இவர் ஒரு அளவுகோல் செஞ்சாச்சு. அதே அளவுகோலை சொந்த வீட்டுக்குள்ள கொண்டுபோனா என்ன ஆகும்?

பதினெட்டு கட்டுரைகள்

1953 அக்டோபரில் இருந்து 1954 ஜனவரி தொடக்கம் வரை, ‘போர்பா’ பத்திரிகையில் ஜிலாஸ் 18 கட்டுரைகள் எழுதினார். ‘போர்பா’ என்றால் போராட்டம். கட்சியின் அதிகாரபூர்வ ஏடு, போரின்போது இவரே எடிட் செய்தது. முதல் கட்டுரைகள் பட்டும் படாமலும் இருந்தன. போகப் போகக் கூர்மை ஏறியது. புரட்சி முடிந்துவிட்டது, இனி எதிரி முதலாளி கிடையாது, அதிகார வர்க்கம்தான்; எந்தக் கட்சிக்கும் உண்மை மேல் ஏகபோக உரிமை இல்லை; சட்டம் எல்லாருக்கும் ஒன்றாக இருக்கணும். வாசகர்கள் விரும்பிப் படித்தார்கள். டிட்டோ முதலில் வாயைத் திறக்கவில்லை. இந்தத் தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, டிசம்பர் 25ஆம் தேதி, ஜிலாஸ் நாடாளுமன்றத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

கடைசியில் வெடித்தது அரசியல் தத்துவம் இல்லை. ஒரு கல்யாண விஷயம்.

பெகோ டாப்செவிச் போர் நாயகன், ராணுவத்தின் தலைமைத் தளபதி. தன்னை விட மிகவும் இளைய ஒரு நடிகையைத் திருமணம் செய்துகொண்டார். மற்ற தலைவர்களின் மனைவிமார் அந்தப் பெண்ணை ஒதுக்கி வைத்தார்கள். நாங்க காட்டுல துப்பாக்கி தூக்கினவங்க, நீ மேடையில ஆடினவ என்கிற இளக்காரம். ஜிலாஸ் இதை வைத்து ‘நோவா மிசாவோ’ இதழில் ஒரு நீண்ட அங்கதக் கட்டுரை எழுதினார். தலைப்பு ‘ஓர் ஒழுக்கத்தின் உடற்கூறியல்’. பெயர் எதுவும் இல்லை. ஆனால் யார் யார் என்று பெல்கிரேடில் எல்லோருக்கும் தெரியும். வில்லாக்கள், கார்கள், தனிக் கடைகள், மேட்டிமைத்தனம், எல்லாம் அதில் வந்தது.

கட்சியை விமர்சித்ததைப் பொறுத்துக்கொண்டவர்களால் சாப்பாட்டு மேஜையை விமர்சித்ததைப் பொறுக்க முடியவில்லை.

இரண்டு நாள்

1954 ஜனவரி 16, 17. மத்தியக் குழுவின் சிறப்புக் கூட்டம். விவாதப் பொருள் ஒரே ஒரு ஆள். நாடு முழுக்க வானொலியில் ஒலிபரப்பானது. டிட்டோ தொடங்கி வைத்தார். கார்டெல் தொடர்ந்தார். இருபது வருஷமாக ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகச் சிறையில் இருந்து, ஒன்றாகப் போர் செய்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து தாக்கினார்கள். ஆதரவாக எழுந்தவர்கள் விளாடிமிர் டெடியெர் என்ற நண்பர், அப்புறம் மித்ரா மித்ரோவிச். டெடியெர் டிட்டோவின் வாழ்க்கை வரலாற்றையே எழுதியவர். மித்ரா, ஜிலாஸின் முன்னாள் மனைவி. விவாகரத்து ஆகியிருந்தும் அவருக்காகப் பேசினார்.

இரண்டாவது நாள் ஜிலாஸ் உடைந்தார். எழுந்து சுயவிமர்சனம் செய்தார், தான் தவறிவிட்டதாகச் சொன்னார். அந்தப் பேச்சை நினைத்து அவர் வாழ்நாள் முழுக்க வெட்கப்பட்டார்.

என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையின் மையம் இதுதான். படத்துல வர்ற மாதிரி ஒரே சீன்ல யாரும் கலகக்காரர் ஆயிடறதில்ல. முதல் நாள் எதிர்த்து நின்னவர் மறுநாள் பணிஞ்சார். பணிஞ்ச பிறகு, அப்படிப் பணிஞ்சதோட வாழ முடியலைன்னு அவருக்குத் தெரிஞ்சது. ஏப்ரலில் கட்சி உறுப்பினர் அட்டையைத் தானே திருப்பிக் கொடுத்தார். டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் பேட்டியில், நாட்டுக்கு இன்னொரு சோசலிசக் கட்சியும் தேவை என்றார். அதற்காக 1955 ஜனவரியில் நிறுத்திவைக்கப்பட்ட பதினெட்டு மாத தண்டனை. 1956இல் சோவியத் டாங்கிகள் ஹங்கேரிக்குள் புகுந்தன. ஐ.நா.வில் நடந்த கண்டன வாக்கெடுப்பில் யூகோஸ்லாவியா ஒதுங்கி நின்றது. இதை ஜிலாஸ் வெளிநாட்டுப் பத்திரிகையில் கண்டித்தார். நவம்பரில் கைது. மூன்று ஆண்டு.

எந்தச் சிறை? ஸ்ரெம்ஸ்கா மித்ரோவிட்சா.

ரூட் அக்சஸ் யார்கிட்ட?

உள்ளே இருக்கும்போதே, 1957இல் நியூயார்க்கில் அவருடைய ‘புதிய வர்க்கம்’ வெளியானது. பல மொழிகளுக்குப் போனது. அதற்காக இன்னும் ஏழு ஆண்டு போட்டார்கள்.

அந்தப் புத்தகத்தின் வாதத்தை எங்க வேலை பாஷையில சொல்றேன். ஆபீஸ்ல சர்வர் யாருக்குச் சொந்தம்? கம்பெனிக்கு. அட்மினுக்கு அதில் ஒரு ஸ்க்ரூ கூட சொந்தமில்ல. ஆனா யார் உள்ள வரலாம், எந்த ஃபைலை யார் பார்க்கலாம், எதை அழிக்கலாம், எல்லாம் ரூட் அக்சஸ் வெச்சிருக்கிறவர் கையில. பேப்பர்ல சொந்தக்காரர் யார்ங்கிறது அங்க முக்கியமே இல்ல.

ஜிலாஸ் சொன்னது இதேதான். கம்யூனிச நாட்டில் தொழிற்சாலை, நிலம், வங்கி எல்லாம் ‘மக்களுடையது’. ஆனால் சொத்துரிமை என்றால் என்ன? பயன்படுத்தும் உரிமை, அனுபவிக்கும் உரிமை, என்ன செய்யலாம் என்று முடிவெடுக்கும் உரிமை. இந்த மூன்றும் கட்சி அதிகாரிகளிடம் கூட்டாக இருக்கிறது. அப்படியானால் அவர்கள்தான் உடைமை வர்க்கம். பழைய முதலாளி தன் சொத்தைப் பிள்ளைக்கு எழுதி வைப்பார். இவர்களால் பதவியை எழுதி வைக்க முடியாது. ஆனால் பதவி இருக்கும் வரை எல்லாம் கிடைக்கும், பதவி போனால் எல்லாம் போகும். அதனால்தான் அதை விடவே மாட்டார்கள்.

மார்க்ஸின் ஆயுதத்தையே எடுத்து மார்க்ஸ் பேரைச் சொல்லி ஆண்டவர்களை அளந்தார். வெளியில் இருந்து திட்டியவர்கள் நிறைய. அந்த வில்லாவில் குடியிருந்துவிட்டு எழுதியவர்கள் மிகக் குறைவு.

கழிவறைத் தாளில் மில்டன்

ராஜா காலத்தில் இதே சிறையில் மோஷா பியாதே ‘மூலதன’த்தை மொழிபெயர்த்தார்னு சொன்னேன்ல? தோழர்கள் ஆட்சியில் ஜிலாஸுக்கு எழுதத் தாள் கொடுக்கப்படாத காலமும் இருந்தது. ஜான் மில்டனின் ‘பாரடைஸ் லாஸ்ட்’ காவியத்தை செர்போ-குரோஷியனில் மொழிபெயர்க்க ஆரம்பித்தார், கழிவறைத் தாளில். சொர்க்கத்தில் கடவுளுக்கு எதிராகக் கலகம் செய்து கீழே தள்ளப்பட்டவனின் கதை அது. ஏன் அதைத் தேர்ந்தெடுத்தார்னு விளக்கவே தேவையில்ல.

1961 ஜனவரியில் வெளியே வந்தார். ‘ஸ்டாலினுடன் உரையாடல்கள்’ நூல் வெளிவரவிருந்த நேரத்தில், 1962 ஏப்ரலில், மறுபடி கைது. 1966 டிசம்பர் 31ஆம் தேதிதான் விடுதலை. இரண்டு முறையும் சேர்த்து ஏறக்குறைய ஒன்பது வருஷம். ராஜா போட்டது மூணு, தோழர்கள் போட்டது ஒன்பது. இத்தனை காலமும் இரண்டாவது மனைவி ஷ்டெஃபிட்சா சின்னப் பையனை வைத்துக்கொண்டு வெளியே காத்திருந்தார்.

அதே 1966 கோடையில் இன்னொன்றும் நடந்தது. டிட்டோவின் இல்லத்திலேயே ஒட்டுக்கேட்புக் கருவி வைத்ததாகக் குற்றம்சாட்டி ரான்கோவிச்சைத் தூக்கி எறிந்தார்கள். ஆமா, அந்தப் பழைய சிறை நண்பர்தான். ஜிலாஸைக் கண்காணித்த போலீஸைக் கட்டியவர்.

கணக்கு நேராகுமா?

1989இல் கட்சி ஜிலாஸ் மேல் போட்ட தீர்ப்பை நீக்கியது. ஆனால் அப்போது அந்தக் கட்சிக்கே ஆயுள் முடிந்துகொண்டிருந்தது. அடுத்த சில ஆண்டுகளில் யூகோஸ்லாவியா ரத்தத்தில் உடைந்தது. மிலோஷெவிச்சின் தேசியவாதத்தையும் ஜிலாஸ் எதிர்த்தார். போஸ்னியப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, 1995 ஏப்ரல் 20ஆம் தேதி பெல்கிரேடில் இறந்தார். வயது 83. பிறந்த கிராமத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

இப்ப நீங்க கேக்கலாம். 1941ல அப்படி இருந்தவர், 1949ல அந்த அரசாங்கத்திலேயே இருந்தவர், தனக்கு ஆப்பு வெச்சப்பதான் ஜனநாயகம் பேசினாரான்னு. நியாயமான கேள்வி. ஆனா வரிசை அப்படி இல்ல. அவர் பேசினது உச்சத்துல இருந்தப்ப. பேசினதாலதான் விழுந்தார்.

இன்னொரு பக்கம், சிறையில் கழித்த ஒன்பது வருஷம் மான்டினீக்ரோவில் சுடப்பட்ட ஒரு விவசாயியைத் திருப்பிக் கொண்டுவராது. அந்தக் குடும்பங்கள் அவரை மன்னிக்கணும்னு கேட்க எனக்கோ உங்களுக்கோ உரிமை இல்ல.

எனக்குத் தோன்றுவது இது. 1941இல் வர்க்க எதிரியைச் சுடச் சொன்ன குணமும், 1954க்குப் பிறகு அடங்க மறுத்த குணமும் ஒன்றுதான். ஒன்றை நம்பினால் பாதியில் நிறுத்தத் தெரியாத மனுஷன். கையில் அதிகாரம் இருந்தபோது அந்தக் குணத்துக்கு விலை கொடுத்தது மற்றவர்கள். அதிகாரம் போன பிறகு விலை கொடுத்தது அவரே. ஒரு அமைப்பு எப்படிப்பட்டதுங்கிறதை, நல்லவங்க யாரு அதை நடத்துறாங்கன்னு பாத்து முடிவு பண்ணாதீங்க. நடத்துறவங்களைப் பாத்து ‘இது தப்பு’ன்னு சொன்னவருக்கு மறுநாள் என்ன ஆச்சுன்னு பாருங்க.

டிட்டோவும் ஸ்டாலினும் மோதிக்கிட்ட அந்த 1948 கதையைத் தனியாவே பேசணும். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.